பாடநூல்களில் உள்ள அறிஞர் வாழ்க்கைக் குறிப்புகளைத் திருத்தி எழுதக் கோரும் மனு

அனுப்புநர்:
அறிவியல் ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பாடநூல் தயாரிப்புத் துறை

பொருள்: பாடங்களுக்கு இடையே வரும் அறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திருத்தி எழுதுதல், அவற்றையொட்டிய தேர்வுக் கேள்விகளை மாற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாடத்துக்கு நடுவே கட்டம் கட்டி, ஒரு படத்தோடு வரும் வாழ்க்கைக் குறிப்புகளைப் பற்றியது இந்த மனு. பிறந்த ஆண்டு, பிறந்த நாடு, வாங்கிய விருது, இறந்த ஆண்டு, கடைசியில் ‘இத்துறையின் தந்தை’ என்ற பட்டம். பெரும்பாலான குறிப்புகள் இதோடு முடிந்துவிடுகின்றன. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருவதும் அந்த ஆண்டோ பட்டமோதான். மாணவர்களும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். அப்புறம், அவர் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை, நாம் அதை எழுதவே இல்லை.

லூயி பிரெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1809-ல் பிரான்சில் பிறந்தார், பார்வையற்றோருக்கான எழுத்து முறையை உருவாக்கினார், 1852-ல் இறந்தார். எல்லாம் சரி. ஆனால் மாணவர் மனதில் நிற்கக்கூடிய செய்தி இதில் எது? 3 வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் விளையாடும்போது கூரான கருவி கண்ணில் குத்தியது. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவி இரண்டு கண்ணும் போயின. பாரிஸில் அவர் படித்த பள்ளியில், சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்ட கனத்த புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தேட வேண்டும். அந்த முறையில் தாமாக எழுதுவது மாணவர்களால் ஆகாத காரியம். சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி 12 புள்ளிகள் கொண்ட ஒரு முறையைக் கொண்டுவந்தார். விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. பிரெயில் அதை 6 புள்ளிகளாகக் குறைத்தார். ஒரு தொடலில் ஓர் எழுத்து புரிந்துவிடும். 1824-ல், 15 வயதிலேயே அதன் அடிப்படையை அமைத்துவிட்டார். அவருடைய சொந்தப் பள்ளி அந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. இத்தனையும் அதே சிறு கட்டத்துக்குள் அடங்கும் ஐயா.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவரைப் பற்றிய குறிப்பு இன்னும் அவசியம். அவர் வேலை பார்த்த வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிட மிக அதிகமான தாய்மார்கள் காய்ச்சலில் இறந்தார்கள். ஏன் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது, பிணப் பரிசோதனையில் கத்திக் காயம் பட்ட ஒரு நண்பர் அதே மாதிரி நோய்க்குறிகளோடு 1847-ல் இறந்தார். மருத்துவர்களும் மாணவர்களும் பிணவறையிலிருந்து நேரே பிரசவம் பார்க்க வருவது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் சுமார் 2 சதவீதமாக இறங்கியது. ஆனாலும் பலர் ஏற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று இல்லாததால், அவராலும் முழு விளக்கம் தர முடியவில்லை. விரிவான நூலாக எழுதியதே 1861-ல்தான். 1865-ல் மனநலக் காப்பகத்தில் இறந்தார். சான்றை எப்படித் தேடுவது, கிடைத்த பிறகும் அது ஏன் எடுபடாமல் போகிறது என்று கற்றுத்தர இதைவிட நல்ல வரலாறு எனக்குத் தெரியாது.

பட்டங்கள் உடன் உழைத்தவர்களை மறைத்துவிடுகின்றன என்பதும் என் வருத்தம். ‘நவீன வேதியியலின் தந்தை’ என்று லவாய்சியரைச் சொல்கிறோம். 1789-ல் வந்த அவருடைய வேதியியல் நூலுக்கான கருவிப் படங்களை வரைந்தவர் அவர் மனைவி மாரி ஆன். ஆங்கிலக் கட்டுரைகளைக் கணவருக்காக மொழிபெயர்த்தவரும் அவரே. ஒரு வரி போதும், அதுவும் இல்லை. நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது என்பதையும் எடுத்துவிட வேண்டும். ஆப்பிள் விழுந்ததைக் கண்டு யோசித்ததாகத்தான் அவர் நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆகவே அடுத்த பதிப்பில் ஒவ்வொரு குறிப்பும், அவர் எதிர்கொண்ட ஒரு சிக்கலையும் அதற்காகச் செய்த ஒரு வேலையையும் விளக்க வேண்டும். உடன் உழைத்தவர் பெயர் இடம்பெற வேண்டும். அச்சுக்குப் போகும் முன் வரலாறு தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தேர்வு: ‘எந்த ஆண்டு பிறந்தார்’ என்பதற்குப் பதில் ‘இரண்டு பிரிவுகளுக்கும் என்ன வேறுபாடு இருந்தது’ என்பது போலக் கேட்க, வினாத்தாள் தயாரிப்போருக்கு அறிவுறுத்த வேண்டும். கேள்வி மாறாவிட்டால் குறிப்பை மாற்றியும் பயன் இருக்காது.

மாதிரிக்காக நான் எழுதிய சில குறிப்புகளை இணைத்துள்ளேன். அவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)