பஸ் ஏறித் தாண்டிவிடும் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ நகருக்குப் போகும் பாதயாத்திரை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். நானும் அந்த வழியில் நடந்தவன். ஆனால் புர்கோஸ் நகரிலிருந்து லியோன் நகர் வரை வெறும் கோதுமை வயல்தான், பஸ் பிடித்துத் தாண்டிவிடலாம் என்று கட்டுரையாளர் யோசனை சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுமார் 180 கிலோமீட்டருக்குள்தான் மொராத்தினோஸ் என்ற ஊர் இருக்கிறது.

பலென்சியா மாகாணத்தின் மேற்கு ஓரம், வழியில் வரும் சாகூன் என்ற ஊருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் முன்னால். நூறு பேர்கூட வசிக்காத சிற்றூர். ஊர் தொடங்கும் இடத்திலேயே ஒரு மண்மேடு. அதன் சரிவில் வரிசையாகக் குட்டைக் கதவுகள். மேலே புல் மண்டிக் கிடக்கிறது. புல்லுக்கு நடுவே காற்றுப்போக்கிகள் தலை நீட்டுகின்றன. எல்லாம் மண்ணைக் குடைந்து அமைத்த ஒயின் நிலவறைகள். ஒரு காலத்தில் குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கான ஒயினை இவற்றில்தான் வைத்திருந்தன. வெளியே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே சீரான குளிர்ச்சி இருக்கும்.

அந்தச் சமவெளியில் கட்டடக் கல் அரிது. அதனால் வீடு, தொழுவம், புறாமாடம் எல்லாமே களிமண்ணில் வைக்கோலைக் குழைத்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்தான். பழைய சுவரைத் தடவிப் பார்த்தால் வைக்கோல் துரும்பு விரலில் குத்தும். மேற்பூச்சை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் மழை சுவரைக் கரைத்துவிடும். ஆள் போன வீடு அப்படித்தான் சரிகிறது. 1950களிலிருந்து டிராக்டர் வர வர வயலில் வேலை குறைந்து, இளைஞர்கள் மாட்ரிட், பில்பாவ், பார்சிலோனா என்று போய்விட்டார்கள். இப்படிக் காலியான ஊர்களுக்காக 2019 மார்ச் 31 அன்று மாட்ரிட்டில் பெரிய பேரணியே நடந்தது.

யாத்திரைச் சான்றிதழ் வாங்கக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே போதும். அதனால் பெருங்கூட்டம், சந்தியாகோ இருக்கும் கலீசியா பகுதியிலேயே உள்ள சாரியாவிலிருந்துதான் கிளம்புகிறது. 2024இல் சான்றிதழ் பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சமவெளியின் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். சரி, முழு வழியும் நடப்பவர்களாவது மொராத்தினோஸில் நிற்கிறார்களா? பலரும் சுமார் 3 கிலோமீட்டர் முன்னாலேயே, தெர்ராதில்யோஸில் இரவு தங்கிவிட்டு, சாகூனைப் பிடிக்கும் அவசரத்தில் காலையில் மொராத்தினோஸை விறுவிறுவென்று கடந்துவிடுகிறார்கள். மொராத்தினோஸில் ஒரு காபி குடித்தாலும், ஓர் இரவு தங்கினாலும் அந்தக் காசு ஊருக்குள்ளேயே புழங்கும்.

அடுத்த முறை இந்த வழியைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து பஸ் யோசனையை விட்டுவிட்டு, மொராத்தினோஸில் அரை நாளாவது நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. மொராத்தினோஸுக்கு முன்னால், கரியோன் என்ற ஊரிலிருந்து கல்சாதியா என்ற ஊர் வரை சுமார் 17 கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது, நிழலும் குறைவு. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே மாதமோ செப்டம்பரோ போகும்படியும், தண்ணீரை நிறைய எடுத்துக்கொள்ளும்படியும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோவை.