முகப்பை வரையுமுன் சுமையை அளக்கச் சொல்லுங்கள்

வன்னியின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனத் துறை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர்கள் காட்சிக்கு வைக்கும் கார் மாதிரிகளை விரும்பிப் பார்ப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை பந்தயக் கார்களின் சாயலில் நிலத்தோடு தாழ்ந்திருக்கின்றன, முன்விளக்குகள் முறைக்கின்றன, பின்னால் ஒரு சிறகு நிற்கிறது. கைவேலையில் குறையில்லை. ஆனால் எத்தனை பேர் ஏறலாம், இயந்திரம் எங்கே இருக்கும், மாரியில் சேறாகும் கிரவல் வீதியில் அடிப்பாகம் முட்டாதா என்று கேட்டால் விடை வருவதில்லை. இருந்தும் 'புதுமை' என்ற தலைப்பில் அவற்றுக்கே கூடிய புள்ளி கிடைக்கிறது. அந்த அளவுகோலை மாற்றுமாறு கேட்கவே இம்மடல்.

தோற்றத்தை அழகுபடுத்துவது இழிவான வேலையல்ல. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ் 1927இல் ஹார்லி ஏர்லின் தலைமையில் அதற்கெனத் தனிப் பிரிவே தொடங்கியது. பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து அப்பிரிவு 1948ஆம் ஆண்டுக் கடிலாக் காருக்கு வைத்த வால்துடுப்புகள் வளர்ந்து வளர்ந்து 1959இல் உச்சத்தைத் தொட்டன; ஓட்டத்துக்கு அவற்றால் விளைந்த பயன் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதே 1959இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி என்ற சிறு கார் வெளிவந்தது. இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி, கியர்ப் பெட்டியை அதற்கு அடியில் வைத்து, முன்சில்லுகளால் இழுக்கச் செய்ததால், 3 மீற்றரை அண்மித்த நீளத்துக்குள் நால்வர் அமர இடம் கிடைத்தது. அதன் உருவம் உள்ளமைப்பிலிருந்து பிறந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1948இல் பாரிசில் காட்டப்பட்ட சித்ரோயன் 2சிவி என்ற பிரெஞ்சுக் கார். உழுத நிலத்துக்குக் குறுக்கே ஓடினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது, 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறவேண்டும் என்பது அதற்கு முதலில் விதிக்கப்பட்ட நிபந்தனை. பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள். கார் நாற்பதாண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. நம் வயற்கரைகளில் நெல் மூட்டை சுமக்கும் பட்டா என்ற சிறு லொறியையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். (பட்டாவைப் படமாக ஒட்டி வைத்திருக்கும் மாணவனை நான் இன்னும் காணவில்லை.) போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காதிருந்தபோது, சிறிதளவு பெற்றோலில் கிளப்பிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார்களை ஓட்டிய நம் மெக்கானிக்குகள் வெளித்தகட்டில் ஒரு கோடும் புதிதாக இழுக்கவில்லை. எரிபொருட் கலவையை அதிகம் அமுக்காத, அதாவது அமுக்க விகிதம் குறைந்த அந்த இயந்திரங்கள் மட்டமான எரிபொருளையும் தாங்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அதைப் புதுமை என்று எந்தப் பாடத்திட்டத்திலாவது சொல்லிக்கொடுக்கிறோமா?

தோற்றத்தை முற்றாக ஒதுக்கினாலும் ஆபத்துண்டு. கட்டமைப்பில் புதுவழி காட்டிய கிறைஸ்லர் ஏர்ஃப்ளோ என்ற அமெரிக்கக் கார் 1934இல் வந்து, வாங்குவோர் கண்ணுக்குப் பிடிக்காமல் போனதும் ஒரு காரணமாக, 1937உடன் நின்றது. ஆகவே வரைதலை நிறுத்தச் சொல்லவில்லை. அது இரண்டாவதாக வரட்டும் என்கிறேன்.

போரில் காலை இழந்தவர்கள் வாழாத ஊர் வன்னியில் அரிது. கையாலேயே தடுப்பும் வேகமும் இயக்கக்கூடிய, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய, மழைக்காலத்தில் உட்கிராமத்திலிருந்து கிளிநொச்சி வைத்தியசாலைவரை வந்துசேரக்கூடிய சிறு வாகனம் ஒன்றை உங்கள் மாணவர்களுக்குச் செயற்றிட்டமாகக் கொடுங்கள். முதல் தாளில் சுமை, இருக்கை உயரம், கதவின் அகலம், தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம் ஆகியவை எண்களாக இருக்கவேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகே வெளித்தோற்றத்துக்குத் தாள் கொடுக்கப்படவேண்டும். நடுவர்களில் ஒருவராவது சக்கர நாற்காலியில் வருபவராக இருக்கட்டும். மரச்சட்டத்தில் முழு அளவில் செய்த மாதிரிக்குள் தானாக ஏறி இறங்க முடிகிறதா என்று பார்த்து அவரே புள்ளியிடட்டும்.

இங்ஙனம்,
மாங்குளத்திலிருந்து ஒரு கராஜ்காரன்