அத்தானுக்கு ஒரு பொட்டலம்

கொலம்பஸ், ஒஹையோ

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமா? டாக்டர் எண்ணெயையும் உப்பையும் குறைக்கச் சொன்னதிலிருந்து அத்தான் சாப்பாட்டையே வெறுத்துவிட்டார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார் என்று நீ சொன்னது மனசைவிட்டுப் போகவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

இங்கே இப்போது கோடைக்காலம். ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை நினைவு நாள் விடுமுறைக்கு கிரில் அடுப்பை வெளியே எடுத்தால், செப்டம்பர் வரை தெருவெல்லாம் கரிப்புகை வாசம்தான். பனிக்காலம் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தவர்கள் வேலியோரம் நின்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் அத்தானைப் போலவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. அவர் சொல்லிக்கொடுத்த பொட்டலச் சமையல் இது.

பொட்டலம் கட்டுவது நம் ஊர் பரோட்டாக் கடையில் பார்சல் மடிக்கிற சில்வர் பேப்பரில்தான், அதாவது அலுமினியத் தாளில். கிரில்லுக்கென்று கொஞ்சம் கனமாக விற்கிறார்கள். ஒரு முழம் கிழித்து, நடுவில் வெங்காயம், குடைமிளகாய், மெல்லிசாக அரிந்த கேரட், அதன்மேல் மீன் துண்டு. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, மஞ்சள் தூவி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். ஓரங்களை மேலே சேர்த்து இரண்டு மடிப்பு, பக்கங்களிலும் இரண்டு மடிப்பு. இறுக்கிவிடக் கூடாது, உள்ளே ஆவி நிற்க இடம் வேண்டும். கிரில்லில் வைத்து மூடிவிட்டால் சற்று நேரத்தில் பொட்டலம் உப்பிக்கொண்டு நிற்கும். காயும் மீனும் விட்ட தண்ணீரிலேயே வெந்துவிடும். மீனுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். கோழி என்றால் குறைந்தது இருபத்தைந்து நிமிடம் ஆகும். பெரியவர் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்: மீன் உள்ளே 63 டிகிரி, கோழி 74 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் இறக்குவார். கொழுப்பு கரியில் சொட்டாததால் புகையும் கருகலும் கறியில் ஏறுவதில்லை.

முகத்துக்கு நேரே பிரிக்கக் கூடாது, ஆவி சுட்டுவிடும். கத்தி முனையால் மேலே கீறி, ஆவி போனபிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அந்தப் புளிப்பு வந்துவிட்டால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியவே தெரியாது. புளி, தக்காளி, எலுமிச்சை மூன்றும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் வேகும்போது சேர்ப்பதில்லை. புளி மசாலாதான் வேண்டுமென்றால் முதலில் வாழையிலையில் சுற்றிவிட்டு, அதன்மேல் சில்வர் பேப்பர் சுற்றுகிறேன். இங்கே இலை ஐஸ்பெட்டியில் உறைந்துபோய்த்தான் கிடைக்கும்.

உனக்கு அந்தக் கவலை எதற்கு? சோழவந்தானில் கொல்லையில் கை நீட்டினால் இலை. தணலில் வாட்டினால் கிழியாது. மீனை வைத்து மடித்து, வாழைநாரால் கட்டு. குமுட்டி அடுப்பில் போடலாம். இல்லாவிட்டால் தோசைக்கல்லில் வைத்து மூடி, நிதானமான தீயில் திருப்பித் திருப்பிப் போடு. விரால் அருமையாக இருக்கும். ஜிலேபிக் கெண்டையும் நல்லது. இங்கே எல்லாக் கடையிலும் அதைத்தான் திலாப்பியா என்று வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேள் அக்கா. அத்தானுக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்று தனியாக வைக்காதே. பெரியவர் வீட்டில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் பேர் எழுதுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காரம், வெண்ணெய், அவருக்கு உப்பில்லாதது. எல்லாம் ஒரே அடுப்பில் ஒன்றாகக் கிடக்கும். அவரும் எல்லோரோடும் உட்கார்ந்து தன் பொட்டலத்தைப் பிரிக்கிறார். அத்தான் ஒதுங்கிப்போவது நாக்குக்காக மட்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீயும் பிள்ளைகளும் அவரோடு அதையே சாப்பிடுங்கள். பிள்ளைகளுடையதில் பச்சைமிளகாயைக் கூடப் போட்டுக்கொள்.

சோற்றைக் கொஞ்சம் குறைத்து காயைக் கூட்டு. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதே. அடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அத்தானையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி