ஊர்னெஸ் தேவாலயத்தின் பழைய பலகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்வேயின் மரத் தேவாலயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஊர்னெஸ் தேவாலயத்தின் வடக்குச் சுவரிலுள்ள செதுக்கு வேலைப்பாட்டையும் கட்டடத்தையும் ஒரே காலத்தவையாகக் கருதி 12ஆம் நூற்றாண்டு என்று குறிப்பிட்டிருந்தது. இன்று நாம் காணும் கட்டடம் ஏறத்தாழ 1130இல் எழுந்தது என்பது சரியே. ஆனால் நான்குகால் விலங்கொன்று பாம்புகளோடு பின்னிக் கிடக்கும் அந்த வாயில்நிலையும், அதனருகே உள்ள சில பலகைகளும் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. முந்தைய தேவாலயம் ஒன்றிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்தப்பட்டவை.

இத்தகைய மரங்களின் வயதைக் கணிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டு வளையங்களை அளந்தால் மரம் வளர்ந்த காலம் தெரியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் எஞ்சியிருந்தால் வெட்டப்பட்ட ஆண்டே தெரியும். அது சுவரில் ஏறிய ஆண்டு மட்டும் தெரியாது. அதை அறிய, எதிர்ப்பகுதி இல்லாத கழுந்துத் துளை (இன்னொரு மரத்தின் முனையைச் செருக வெட்டிய துளை), எதையும் பிடிக்காத ஆணித் துளை, செதுக்கிய கொடியை நடுவில் அறுத்துச் செல்லும் ரம்ப வெட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தார்ப் பூச்சு ஆகியவற்றையே பார்க்க வேண்டும். அழகுக்காகத் துளைகளை அடைப்பதும், பழைய தாரைச் சுரண்டி மரத்தைப் பளபளப்பாக்குவதும் இந்தச் சாட்சியங்களைத்தான் முதலில் அழிக்கும். மாதிரிக்காகத் துளையிடுவதுகூடத் தவிர்க்க முடியாதபோதே செய்யத்தக்கது. வளையங்கள் வெளியே தெரியும் இடங்களில் நுண்ணிய புகைப்படங்களைக் கொண்டே அளக்க முடியும்.

வாயில்நிலையைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்னும் கட்டுரையாளரின் யோசனை எனக்கு உடன்பாடில்லை. புதிய கட்டடம் எழுப்பியவர்கள் பழைய வேலைப்பாட்டை எறியாமல் சுவரில் சேர்த்தார்கள் என்பதும் வரலாறுதான். 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அந்த முழுக் கட்டடத்தைத்தான். கழற்றும்போது அந்த இரண்டாம் வரலாறு சிதையும், பல நூற்றாண்டு வயதான மூட்டுகளும் பிளக்கக்கூடும். தெற்குச் சுவரில் தாக்குவதுபோல வெயில் நேரே தாக்காத வடக்குப் பக்கத்தில் அந்த நிலை இருப்பது ஓரளவு நல்லதே. மழைநீர் அடியில் தேங்காமலும் அடிக்கட்டைகளில் ஈரம் ஏறாமலும் பார்த்துக்கொள்வதும், பூஞ்சையையும் விரிசலையும் ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் படமெடுத்து ஒப்பிடுவதும் முதல் வேலையாக இருக்கட்டும். சிதைவு வேகமாகிறது என்று அந்தப் படங்கள் காட்டினால், இடமாற்றத்தைப் பற்றி அப்போது பேசலாம்.

அடுத்த இதழில் காலக் குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.