19 நிமிடத்தில் வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பிப்ரவரி 17 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோள் பற்றிய தங்கள் முதல் பக்கச் செய்தியில், 'சுமார் 19 நிமிடங்களில் புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது' என்று போட்டிருந்தீர்கள். அது சரியல்ல. புவிநிலைச் சுற்றுப்பாதை என்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தெரியும் வட்டப் பாதை. அந்த 19 நிமிடத்தில் ஜிஎஸ்எல்வி எஃப்-14 ராக்கெட் செயற்கைக்கோளை இறக்கிவிட்டது ஒரு நீள்வட்டப் பாதையில்தான். அதன் ஒரு முனை பூமியிலிருந்து சுமார் 170 கி.மீ., மறுமுனை 36,000 கி.மீ.க்கும் மேல். அங்கே போய் நிற்க முடியாது, சர்ரென்று கீழே வந்து திரும்ப ஏற வேண்டியதுதான்.

ராக்கெட் ஒதுங்கிய பிறகு கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு மையம் பொறுப்பேற்கிறது. செயற்கைக்கோள் பாதையின் உச்சிக்கு, அதாவது அந்த மறுமுனைக்கு, வரும் நேரம் பார்த்து அதன் சொந்த எஞ்சினைப் பற்றவைக்கிறார்கள். அதன் உந்துவிசை 440 நியூட்டன். அதாவது, நம் பூமியில் 45 கிலோ மூட்டையைத் தாங்கிப் பிடிக்கும் அளவு! அதை வைத்துக்கொண்டு 2,274 கிலோ எடையைத் தள்ள வேண்டும். அதனால்தான் ஒரே தடவையில் முடியாமல் நான்கு தடவை எரித்து, பிப்ரவரி கடைசியில் பாதையை வட்டமாக்கினார்கள். இந்தப் பயணத்துக்கு எவ்வளவு எரிபொருள் தேவை என்பதற்கு 2016-இல் போன இன்னொரு வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஆரைப் பாருங்கள்: 2,211 கிலோவில் பாதிக்கு மேல், 1,255 கிலோ, எரிபொருள்தான்.

ராக்கெட்டைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதன் மேல் அடுக்கில் உள்ள, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினை எங்கள் ஊருக்குப் பக்கத்து மகேந்திரகிரியில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்த அடுக்கு காலைவாரியபோது இங்கே டீக்கடையில்கூட அதே பேச்சுதான்.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். 2018 மார்ச் 29 அன்று ஜிசாட்-6ஏ என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் போனதே, ஞாபகம் இருக்கிறதா? ராக்கெட் கச்சிதமாக வேலை செய்தது. எல்லாரும் கைதட்டினோம். இரண்டே நாளில், பாதையை உயர்த்த இரண்டாவது தடவை எஞ்சினை எரித்த பிறகு தொடர்பு அறுந்தது. 'நிலைநிறுத்தியாச்சு' என்று படித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்றே புரியவில்லை. பாதி வழியிலேயே செய்தியை முடித்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

மார்ச் 7 அன்று இன்சாட்-3டிஎஸ் தன் முதல் படங்களை எடுத்தது. என் கண்ணுக்கு உங்கள் இதழில் அது தட்டுப்படவில்லை. நெருப்பும் புகையுமாக ராக்கெட் படம் கால் பக்கத்துக்குப் போடுகிறீர்கள், அந்தச் செயற்கைக்கோள் எதற்காகப் போனதோ அந்தப் படத்துக்கு ஒரு மூலைகூட இல்லையா? மேகத்தைப் படமெடுப்பதோடு, எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று அளக்க 19 அலைவரிசை கொண்ட கருவியும் அதில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று, படத்தோடு, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு கட்டுரை போடுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
பணகுடி.