சின்னவனுக்கு என்ன வாங்குவது

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தேனு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான்கு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டு. தினமும் அது என் கைப்பையில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டுதான் இருந்தது.

“சின்னவன் புத்தகத்தையே தொட மாட்டேன் என்கிறான், மந்திரம் மாயம் உள்ள கதையாக ஐந்தாறு சொல்லு, வாங்கிப் போட்டுவிடுகிறேன்” என்று எழுதியிருந்தாய். வாங்கிப் போடுவதா? மாட்டுக்கு வைக்கோலா அது? அந்த வார்த்தையில்தான் எனக்குக் கோபம். அன்றைக்கே எழுதியிருந்தால் சண்டையாகியிருக்கும். நல்லவேளை, அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடம் சிலைமான் பக்கம் என்பது உனக்குத் தெரியும். கீழடி கூப்பிடு தூரம். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை, வாயே திறக்காது. வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும். அதன் கையில் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யைக் கொடுத்தேன். 2023இல் பால சாகித்திய புரஸ்கார், அதாவது சாகித்திய அகாடமியின் சிறுவர் இலக்கிய விருது வாங்கிய நாவல். இந்தக் காலத்துப் பையன் ஒருவன் ஒரு பொம்மையால் பழைய கீழடிக்குள் போய்விடுகிற கதை. கொடுத்து இரண்டு வாரம் சத்தமே இல்லை. நானும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “டீச்சர், எங்க வீட்டுக்குக் கீழயும் யாராச்சும் இருந்திருப்பாங்களா?” என்றது.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது தேனு. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது. பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருப்பதைக் கேள்விப்பட்டு, அதைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று நின்றதாம். அத்தனை பக்கத்தில் இருந்தும் அதுவரை அந்த வீட்டில் யாரும் அங்கே போனதில்லை.

அதற்கப்புறம் வகுப்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டது. “பொம்மை உடைஞ்சுட்டா அவன் எப்படித் திரும்பி வருவான்?” “அங்க ஒரு நாள்னா இங்க எத்தனை நாள்?” இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மந்திரம் இருந்தால் மட்டும் போதாது. அந்த மந்திரத்துக்குச் சட்டம் இருக்க வேண்டும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன பறிபோகும் என்பதில் ஒன்பது வயதுக்காரன் வக்கீல் மாதிரி நிற்பான். நடுவில் கதாசிரியர் சட்டத்தை மீறினால் புத்தகத்தை மூடிவிடுவான். இன்னொன்று, பெரியவர்கள் கொஞ்சம் ஒதுங்கியிருக்க வேண்டும். கடைசியில் அப்பா வந்து காப்பாற்றுகிற கதை அவனுக்கு வேண்டாம். நீதிக்கதைகளாகவே வாங்கி அடுக்கியிருக்கிறாயே, அவன் ஏன் தொட மாட்டேன் என்கிறான் என்று இப்போது புரிகிறதா?

சரி, சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். “எழுத்து நகருதுங்கிறான், சாக்குச் சொல்கிறான்” என்று எழுதியிருக்கிறாய். அது சாக்கு இல்லையடி. அவன் அப்படிச் சொன்னால் அப்படியே நம்பு. முதலில் கண்ணைக் காட்டு. கண் சரியாக இருந்தால், டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம், இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போ. ரிப்போர்ட் கார்டில் ‘கவனம் போதாது’ என்று எழுதிவிட்டார்கள் என்பதற்காக நீயும் அதையே அவனிடம் தினமும் சொல்லாதே. என் வகுப்பில் அப்படிச் சொல்லிச் சொல்லியே முடங்கிப்போன பிள்ளைகளைப் பார்க்கிறேன். ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு இது என்னை வாட்டுகிறது.

அவனுக்கு முதலில் ‘பெர்சி ஜாக்சன்’ வாங்கு. 2005இல் வந்த ‘லைட்னிங் தீஃப்’தான் முதல் பாகம். ரிக் ரியோர்டன் அதைத் தன் சொந்த மகனுக்குத் தூங்கப்போகும் நேரத்தில் சொன்ன கதையாகத்தான் தொடங்கினார். அந்த மகனுக்கு வாசிப்பில் சிரமம், ஓரிடத்தில் உட்காரவும் முடியாது. அதனால் கதையின் நாயகனுக்கும், கிரேக்கக் கடவுளுக்குப் பிறந்த பெர்சிக்கும், எழுத்து நகர்கிறது, உடம்பு நிலைகொள்ளாமல் தவிக்கிறது. எழுத்து நகர்வது அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்குப் பழகியிருப்பதால், உடம்பு தவிப்பது சண்டையில் உயிர் காக்கும் துடிப்பு என்று வைத்திருக்கிறார். சின்னவன் அந்த இடத்துக்கு வரும்போது நீ பக்கத்தில் இரு. அவன் முகத்தைப் பார்த்து எனக்கு எழுது.

அது பிடித்துவிட்டால் அடுத்தது ‘ஆரு ஷா’. அதில் பாண்டவர்கள் இந்தக் காலத்துச் சிறுமிகளாகப் பிறந்து வருகிறார்கள். உன் மாமியாரிடம் பாரதம் கேட்டு வளர்ந்தவன், பெயர்களில் தடுமாற மாட்டான்.

நார்னியா ஏழு பாகமும் கடையில் பார்த்ததாகச் சொன்னாய். வாங்கலாம், ஆனால் ‘1’ என்று போட்டிருப்பதை எடுத்துக் கொடுத்துவிடாதே. இப்போது வரும் பதிப்புகளில் முதலாக வைத்திருப்பது 1955இல் ஆறாவதாக வெளிவந்த புத்தகம். 1950இல் முதலில் வந்தது அலமாரிக்குள் புகுந்து பனிக்காட்டுக்குப் போகிற கதை. அதில் தொடங்கினால்தான் அந்த அலமாரிக் கதவை அவனே திறந்த மாதிரி இருக்கும். அலமாரி எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஹாரி பாட்டர் தமிழிலும் கிடைக்கிறது. மூன்று பாகத்தோடு இப்போதைக்கு நிறுத்து. நான்காவதின் கடைசியில் ஒரு பள்ளி மாணவன் சாகிறான், அங்கிருந்து கதை இருட்டிவிடுகிறது. பன்னிரண்டு வயதாகட்டும். ‘ஹாபிட்’டை அவனிடம் கொடுக்காதே, நீ வாசி, அவன் கேட்கட்டும். இருட்டுக் குகைக்குள் உயிரைப் பந்தயம் வைத்து விடுகதை போடுகிற அத்தியாயம் ஒன்று வரும். பதிலைச் சொல்வதற்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு அவனைக் கேள். நம் விடுதி மொட்டை மாடியில் கரண்ட் போன ராத்திரிகளில் நாம் போட்ட விடுகதை எல்லாம் உனக்கு ஞாபகம் வரும்.

ஒரு புத்தகத்தை மட்டும் நீ முதலில் படித்துவிட்டு அப்புறம் கொடு. யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்று ஒரு சிறுமிக்குத் துணை நிற்கிறது. கூடாத தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுகிற கதை. பையனுக்கு எதற்கு என்று நினைக்காதே, பையன்களுக்கும் வேண்டும். மனிதர்களிடம் சொல்ல முடியாததைப் பொம்மையிடம் சொல்லலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால், அந்தப் பொம்மை பேசியே தீர வேண்டும் தேனு. நம் காலத்தில் இது இருந்திருந்தால் நெட்டச்சி அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாளா? அவளை நினைக்காமல் அந்தப் புத்தகத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

“பொய்க் கதை படித்துப் பிள்ளை கெட்டுப்போகும்” என்று உன் வீட்டுக்காரர் சொன்னால், சித்திரைத் திருவிழாவுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா. ஒத்தக்கடையில் நிற்க வைத்து யானைமலையைக் காட்டுகிறேன். மதுரையை அழிக்க வேள்வித் தீயிலிருந்து எழுந்து வந்த யானை, பாம்பு, பசு மூன்றும் யானைமலை, நாகமலை, பசுமலை என்று கல்லாய்க் கிடக்கிற ஊர் இது. திருவிளையாடல் கேட்டு வளர்ந்த நாம் என்ன கெட்டா போனோம்? சின்னவனை மட்டும் ஒரு நாள் என்னோடு விடு. மூன்று மலைக்கும் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்கிறேன். தமிழ் தட்டுத்தடுமாறிப் படிக்கிறான் என்றாயே, காதால் கேட்க என்ன தடை?

மரப்பாச்சியை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். ‘ஆதனின் பொம்மை’ மட்டும் இப்போது வராது. அந்தப் பிள்ளை இன்னும் திருப்பித் தரவில்லை. தாத்தாவுக்கு எழுத்து தெரியாதாம், ராத்திரி ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுகிறதாம். இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி இருக்கிறதாம்.

அன்புடன்,
கலா