நடைபாதையில் பித்தளை

கொலோன்,
நவம்பர் 10

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். பட்டறையில் வேலை நடக்கிறதா? இங்கே குளிர் இறங்கிவிட்டது, மாலை ஐந்துக்கே இருட்டு. நேற்று நவம்பர் 9. 1938இல் ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் வழிபாட்டிடங்களை எரித்து, கடைகளைச் சூறையாடிய இரவின் நினைவு நாள். அன்று பல தெருக்களில் ஆட்கள் மண்டியிட்டு, நாஜிகள் கொண்டுபோனவர்களின் பெயர் பொறித்து நடைபாதையில் பதித்த பித்தளைத் தகட்டுக் கற்களைத் துலக்குவார்கள். பித்தளை என்றால் உங்களுக்குச் செய்முறை தெரிந்தாக வேண்டுமே!

இந்தக் கற்களைத் தொடங்கிய கலைஞர் குன்டர் டெம்னிக், முதலில் நடந்தே கலை செய்தவர். 1980இல் காசெல் நகரிலிருந்து பாரிஸ் வரை ஒரு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே சாலையில் சாயத்தடம் போட்டார். 1990இல் கொலோனில், 1940 மே மாதம் ரோமா, சின்ட்டி மக்கள் (‘ஜிப்சிகள்’ என்று அழைக்கப்பட்டவர்கள்) ஆயிரம் பேரை நாடுகடத்தக் கொண்டுபோன வழியெங்கும் அதேபோல் சாயத்தில் எழுத்துகளை உருட்டினார். சாயம் மழைக்கும் டயருக்கும் தாங்குமா? மங்கிவிட்டது. பிறகு சில இடங்களில் மட்டும் பித்தளையில் பதித்தார்கள்.

1992இல் தொடங்கியவை இந்தக் கற்கள். 1 மி.மீ. பித்தளைத் தகட்டில், முனையில் எழுத்துள்ள பஞ்ச்சை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடிக்கிறார்கள். இயந்திரம் வேண்டாம் என்பது பிடிவாதம். கொலை இயந்திரம்போல் நடந்ததால், நினைவு கைவேலையாக இருக்கட்டும் என்று. தகட்டில் இருப்பவை: ‘இங்கே வாழ்ந்தவர்’, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், முடிவு. தகட்டின் விளிம்பை மடக்கிக் கான்கிரீட்டோடு பிடிக்கவைத்தால், மேலே 96 மி.மீ. சதுரமும் 10 செ.மீ. உயரமுமாக ஒரு கட்டி. அந்தப் பெயருக்குரியவர் தானாக விரும்பிக் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் நடைபாதைக் கல்லைப் பெயர்த்து இதை இறக்கி, சுற்றிலும் கலவை நிரப்பி மட்டம் பார்க்கிறார்கள். துளி எழும்பி நின்றாலும் கால் தடுக்கும், விளிம்பும் நசுங்கும்.

நடப்பவர் பாதமே துலக்கும் என்பது கணக்கு. நடமாட்டமுள்ள தெருவில் சரிதான். ஒதுக்குச் சந்தில் கறுத்துவிடும். குளிர்காலத்தில் பனி உருகத் தூவும் உப்பு இன்னும் கெடுக்கும். கம்பி பிரஷ் ஆகாது, கீறும். மெழுகுபோன்ற உலோக பாலிஷைத் துணியில் தேய்த்து, எழுத்துப் பள்ளத்தில் தங்கியதைக் கழுவ வேண்டும்.

மியூனிக் நகரம் பொது இடத்தில் இதை அனுமதிப்பதில்லை. பெயரை மிதிப்பதா என்று அங்குள்ள யூதத் தலைவர் ஒருவரே எதிர்க்கிறார். நம் கோயில் படிகளில் அடியார் பாதம் படட்டும் என்றே உபயதாரர் பெயர் வெட்டுகிறோம். ஆனால் அது அவரவர் கேட்டு வெட்டியது. அதனால் மியூனிக்காரர் வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சித்திக்கு என் அன்பு. உங்கள் எழுத்துப் பஞ்ச்களின் அளவைப் பதிலில் எழுதுங்கள்.

அன்புடன்,
செல்வம்